பெஞ்சூரி, ஹராமி, சோர்

கீரமங்கலம் பஸ்ஸில் ஒற்றைக் காலில்தான் நிற்க முடிந்தது. அமராவதி தன் ஒயர் கூடையை ஜன்னலோரத்து வெள்ளைச் சட்டைக்காரரின் மடியில் வைத்தாள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் மடி ஊருக்கே பொது.

அவர் பெயர் சவரியப்பன், பாதி ஆயுள் வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர் என்பதையெல்லாம் பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் கேட்டு முடித்தாள். அவள் கேட்காமல் விட்டது சம்பளம் மட்டும்தான். அதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

டிரைவர் தலைக்கு மேலே ‘திருடர்கள் ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தது. மலேசியாவில் திருடனைப் பெஞ்சூரி என்பார்களாம். சவுதியில் ஹராமி, அதிலும் பிக்பாக்கெட் என்றால் தனியாக நஷ்ஷால். பம்பாயில் சோர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அமராவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஊர்களில் தண்ணீருக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

கூடைக்குள் பர்ஸ் இருக்கிறதே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பர்ஸுக்குள் தோடு. தங்கை மகனுக்கு இன்று காதுகுத்து. தாய்மாமன் சீராகத் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொடுத்துவிட்டது. அது போய்ச் சேராவிட்டால் ஆசாரி ஊசியையே தொடமாட்டார்; தங்கை வீட்டு வாசலை இவளும் அப்புறம் மிதிக்க முடியாது.

எட்டிக் கூடைக்குள் கைவிட்டுத் துழாவினாள். துண்டு, வெற்றிலை, தண்ணீர் பாட்டில். பர்ஸைக் காணோம்.

அவள் போட்ட சத்தத்தில் பஸ் ஓரங்கட்டி நின்றது.

கண்டக்டர் இன்னும் பக்கத்தில்கூட வரவில்லை. யாரும் யார் பெயரையும் சொல்லவில்லை. சவரியப்பன் எழுந்தார். கூடையைச் சீட்டில் வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கி, கால்களைக் கொஞ்சம் அகட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பழக்கப்பட்ட ஆள்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அமராவதியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர் வந்து தடவிப் பார்த்தார். சட்டைப் பையில் ஒரு டிக்கெட். வேட்டி மடிப்பில் ஒரு ஜெபமாலை. செருப்பையும் கழற்றிப் பார்க்கச் சொல்லலாமென்று அவள் கையை நீட்டியபோது, நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

மனசாட்சி இல்லை. அது அவளை அவ்வளவு லேசில் குத்தாது. பின்னூசி. காலையில் பிக்பாக்கெட்டுக்குப் பயந்து, பர்ஸை ஜாக்கெட்டுக்குள் வைத்து அவளே குத்திய பின்னூசி.

கிடைத்துவிட்டது என்று யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

சவரியப்பன் கைகளை இறக்கி உட்கார்ந்தார். கூடையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் அமராவதி இல்லை.

“ஏண்ணே, இப்புடித் தேடிப்புட்டு இல்லைன்னு ஆயிருச்சுன்னா, அந்த ஊர்லயெல்லாம் என்ன சொல்லுவாங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டாங்க தங்கச்சி,” என்றார் சவரியப்பன். “அவங்கவங்க சோலியப் பாக்கப் போயிருவாங்க.”

கண்டக்டர் விசில் கொடுத்தார்.