பக்கத்து வீட்டு வசவு

"ஏம்மா, கண் தெரியாத மனுஷனைப் போய் அப்படி வையறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ராமசுப்பிரமணியன் சைக்கிளை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகச் சத்தம் போட்டார்.

ராக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

நேற்று சாயங்காலம் இந்த வழியாகப் போனபோது அவரே காதால் கேட்டிருந்தார். கயிறு முறுக்கும் கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய கூத்தையாவை இவள் வைத வசவு இருக்கிறதே, காது கொடுத்துக் கேட்க முடியாத ரகம்.

புயலில் குடிசை போனவர்களுக்கு அரசாங்கம் தொண்டிப் பக்கம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் அவை. எல்லாம் ஒரே அச்சு. கூத்தையாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுக் கண் போய்விட்டது. சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. நாலு பேர் பக்கத்தில் இருந்தால் ஒத்தாசையாக இருக்குமே என்று வரிசையின் நடுவில் அவருக்கு வீடு ஒதுக்கினார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி ராக்கு. நல்ல ஒத்தாசை!

இப்போது மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. அந்த மனிதரால் தனியாகக் குடியிருக்க முடிகிறதா? முடியாது என்றால் மதுரையில் இருக்கும் பார்வையற்றோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். நாளைக்குப் பதில் போயாக வேண்டும். இருக்கட்டும் என்பதா, அனுப்பு என்பதா? ராமசுப்பிரமணியனுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

"அவரை இங்கே வைக்கிறதா, மதுரைக்கு அனுப்பறதான்னு நாளைக்கு நான் எழுதணும். இன்னிக்கு அவர் வரும்போது உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. வந்துது, உன் வீடு உனக்கில்லை. தெரிஞ்சுதா?"

"சரிங்கய்யா" என்றாள் ராக்கு. அவ்வளவுதான்.

உடைமரத்தடிக்குப் போய் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சைக்கிள் மணியைத் துடைத்தார். திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் கூத்தையா கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். வரிசைக்கு நடுவே வந்ததும் நின்றார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். நாலடி முன்னால் போனார், திரும்பி வந்தார். யார் வீட்டுச் சுவரையோ தடவினார். மறுபடியும் தெரு நடுவில் வந்து நின்றார்.

ராமசுப்பிரமணியன் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீடு எது என்று தெரியாத மனிதரை எப்படித் தனியாக விடுவது? மதுரைதான், வேறு வழியே இல்லை.

ராக்கு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம்தான் தாங்கினாள்.

"ஏய்யா கூத்தையா! கண்ணுதான் இல்லை, புத்தியுமா இல்லை? எவன் வீட்டுச் சுவத்தைப் போய் நக்கிக்கிட்டு நிக்கிறே? இங்கன வந்து தொலையேன்!"

"வாரேன்டி! வந்து உன் வாயைக் கிழிக்கிறேன்!"

கூத்தையாவின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பை வீசி நடந்து, நேராகத் தன் வாசலுக்குள் நுழைந்துவிட்டார்.

ராமசுப்பிரமணியன் கோபமாகக் கிட்டே வருவதற்குள் ராக்கு கையெடுத்துக் கும்பிட்டாள். கூத்தையாவுக்குக் கேட்காதபடி பேசினாள்.

"என் வீட்டை வேணாப் பிடுங்கிக்கிடுங்கய்யா. அவரை எங்கனயும் அனுப்பிப்பிடாதீக. வீடெல்லாம் ஒண்ணுபோல இருக்கு, அவருக்கு அடையாளம் பிடிபடலை. கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தா, நான் என்ன பிச்சைக்காரனான்னு கோவிச்சுக்கிடுவாரு. வைஞ்சா மட்டும் சத்தத்தைப் பிடிச்சு நேரா சண்டைக்கு வந்திருவாரு. பக்கத்து வாசல்தானே!"

ராமசுப்பிரமணியனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளையா மனசு இருக்கிறதா என்று கேட்டோம்?

கூத்தையாவின் வீட்டுக்குள் போனார். கூத்தையா தடுமாறாமல் மாடத்திலிருந்து விளக்கை எடுத்து ஏற்றி, வந்தவருக்காக வைத்தார்.

"கூத்தையா, நீங்க தெருவில தவிச்சு நின்னதை நான் பார்த்தேன். அந்தம்மா தங்கமான மனுஷி. ஆனா நாளைக்கு அவங்க காய்ச்சல்னு படுத்துட்டா, வாசலைக் காட்ட யார் இருக்கா? மதுரைக்குன்னுதான் எழுதணும் போலிருக்கு."

கூத்தையா கதவை மெல்லச் சாத்தினார்.

"அவ காதுல விழுந்திரக் கூடாதுய்யா. என் வாசல் எனக்கு எப்பவோ பழகிப்போச்சு."

"அப்புறம் ஏன் தெருவில நின்னீங்க?"

"அவ மகன் தனுஷ்கோடிக்கு மூட்டை தூக்கப் போனவன். புயலு கொண்டுபோயிருச்சு. இங்கன குடிவந்த நாள்லேருந்து அவ ஒரு பேச்சுப் பேசலை, ஒழுங்கா ஒரு வாய்க் கஞ்சி குடிக்கலை. ஒரு நா நான் நெசமாவே வாசல் மாறி அவ வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டேன். அன்னைக்குத்தான்யா வாயைத் திறந்தா, என்னைய வையறதுக்கு."

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னையிலேருந்து தெனமும் வழி தவறிக்கிட்டு இருக்கேன்."