எரிந்துபோன கடைசி ரீல்

கதவைத் தட்டக் கையை ஓங்கினாள் தாய். அவ்வளவுதான். திரை வெள்ளையாகிவிட்டது.

"போச்சுடா! இந்த வருஷமும் இதே கதைதானா?" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்.

புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலில், படம் ஓட்டும் மிலுனின் தலை தெரிந்தது.

"கடைசி ரீல் எரிஞ்சு போச்சு. வருஷா வருஷம் சொல்லணுமா? எழுந்து காபி குடிக்கப் போங்க."

நெகோத்தின் என்ற ஊரின் கலைக்கூடத்தில் மார்ச் எட்டு, பெண்கள் தினம் என்றால் இந்தப் படம்தான். எழுபதுகளில் வந்த படம். சில வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு பழைய பிரிண்டைக் கொடுத்துவிட்டுப் போக, அன்றிலிருந்து ஓடுகிறது. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறாள் ஒரு தாய். மகன் வளர்ந்து ஆளான பிறகு திரும்பி வந்து அவன் வீட்டு வாசலில் நிற்கிறாள்.

அப்புறம்? அதுதான் தெரியாது. சின்ன வயதில் முழுசாகப் பார்த்ததாகச் சொல்பவர்களும் ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள்.

யாகொதா கலைக்கூடத்துக்கு நிர்வாகியாக வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. முடிவு தெரியாமல் அவளுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

வெளிக்கூடத்தில் ஆண்கள் பெண்களுக்கு ஆளுக்கொரு கார்னேஷன் பூ கொடுத்தார்கள். காபி வந்தது. பின்னாலேயே சண்டையும் வந்தது.

"அவளெல்லாம் ஒரு தாயா? ஜெர்மன் மார்க் காசுக்கு ஆசைப்பட்டுப் பெத்த புள்ளைய விட்டுட்டுப் போனவ! அந்தப் பையன் இடத்துல நான் இருந்தா நாயை அவிழ்த்து விட்டிருப்பேன்" என்றாள் ரொட்டிக்கடை ரூஷா.

"விடுவ, விடுவ" என்றார் தபால்காரர் தோமா. "உன் வீட்டு மூணு மாடியும் யார் காசு? உங்கம்மா வியன்னாவுல பாத்திரம் தேய்ச்ச காசுதானே?"

"எங்கம்மா வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவா!"

"சாக்லேட்டும் கொண்டு வருவா. அதனால அவ தாய், இவ பேயாக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று அடங்கியது. அரங்கிலிருந்து தெசங்கா மெல்ல வெளியே வந்தாள்.

மிலுனின் அம்மா. சின்னப் பையனாக இருந்தவனை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வியன்னாவில் ஆஸ்பத்திரி கூட்டப் போனவள், பென்ஷன் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். அவள் கட்டிய பெரிய வீட்டில் அவளும் புறாக்களும்தான் குடியிருக்கிறார்கள். மிலுன் வாடகை அறையில் இருக்கிறான். ஒரே ஊர், ஒரே கடைத்தெரு. இருவரும் ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை.

"கல்நெஞ்சுக்காரன்" என்று கிசுகிசுத்தாள் ரூஷா. "எனக்குக்கூடப் பூ குடுத்தான். பெத்தவ வர்றதைப் பார்த்ததும் மாடிக்கு ஓடிட்டான். பாவம், அந்தப் பொம்பள."

"இப்பதானே நாயை அவிழ்த்து விடுவேன்னே?" என்றார் தோமா.

"அது படம்யா!"

யாகொதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாயிடம் பேசத்தான் மனசில்லை, ஊருக்கு ஒரு ரீலையாவது பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா? நேராக மாடியேறினாள்.

அலமாரியின் மேல்தட்டில் 'கடைசி ரீல்' என்று எழுதிய ஒரு தகர டப்பா, துணியில் சுற்றித் தனியாக இருந்தது. மிலுன் திரும்புவதற்குள் திறந்துவிட்டாள். உள்ளே ரீல் புத்தம்புதிதுபோல் பளபளத்தது.

"எரிஞ்சு போச்சுன்னீங்களே! ஒரு கீறல்கூட இல்லையே?"

மிலுன் டப்பாவைப் பிடுங்கி மூடினான்.

"ஊரையே முட்டாளாக்கியிருக்கீங்க. இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் வேற ஆள் வெச்சு ஓட்டிக் காட்டுவேன்."

"வேண்டாம்மா" என்றான் மிலுன், முதல் தடவையாகக் குரல் தணிந்து. "பையன் கதவைத் திறக்கறான். அம்மாவைப் பார்க்கறான். சாத்திடறான். அவ்வளவுதான் படம்."

"அதைக் காட்டினா என்ன?"

அவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். முன்வரிசையின் நடு நாற்காலி. வருஷா வருஷம் தெசங்கா உட்காரும் நாற்காலி.

"எனக்குப் பேச வரலை. எத்தனையோ தடவை அந்த வீட்டு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன், வார்த்தை வரலை. அதுக்காக ஊரே பார்க்க, அவங்க மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்தணுமா?"

தெசங்கா இன்னும் கிளம்பியிருக்க மாட்டாள். யாகொதா படியிறங்கி ஓடினாள்.

தெசங்கா வாசலில் நின்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பூ இல்லை. மகனை நினைத்து மற்ற ஆண்களும் கொடுக்கத் தயங்கியிருப்பார்கள்.

"பெரியம்மா, ஒரு நிமிஷம்! அந்தக் கடைசி ரீல் இருக்கே, அது வந்து…"

எப்படிச் சொல்வது? ரீலைப் பற்றிச் சொன்னால் முடிவையும் சொல்ல வேண்டுமே!

"எரியலை. தெரியும்மா" என்றாள் தெசங்கா.

"தெரியுமா?"

"இந்தப் படத்தை நான் வியன்னாவுலயே பார்த்துட்டேன். கடைசியில பையன் கதவைச் சாத்திடுவான். வீட்டுக்கு வந்து பொழுது விடியற வரைக்கும் அழுதேன்."

"அப்புறம் எதுக்குப் பெரியம்மா வருஷா வருஷம் வந்து முன்வரிசையில உட்கார்றீங்க?"

தெசங்கா அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். அங்கே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என் மகன் இந்த வருஷமும் சாத்தலைன்னு பார்த்துட்டுப் போகத்தான்."