ஊளையிடும் கார்

"இவருக்குக் காது மந்தம்" என்று மெக்கானிக்கிடம் போட்டு உடைத்தாள் மனைவி. "ரெண்டு வருஷமா வண்டி பின்பக்கம் ஊளையிடுது. சொன்னா, 'என்ன சத்தம்?'னு என்னையே திருப்பிக் கேக்கறார்!"

கணவர் அசடு வழிந்தபடி சாவியை நீட்டினார்.

மெக்கானிக் ஓட்ட, மூவரும் ஒரு சுற்று போனார்கள். வேகம் ஏறியதும் 'ஊ...' கிளம்பியது. பின்சீட்டில் அவளும் பழக்கதோஷத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தாள். "சமையலறை ஜன்னல் கொக்கி உடைஞ்சு ஒரு வாரமாச்சு. யாருக்கு அக்கறை?"

வீட்டில் எதைக் கேட்டாலும் "ஒண்ணும் வேண்டாம்" என்பவள். மனசில் இருப்பதைக் கொட்டுவதெல்லாம் இந்த ஊளைக்கு நடுவில்தான். யார் காதில் விழப்போகிறது?

"வீல் பேரிங் போயிருக்கு" என்றார் மெக்கானிக்.

"இல்லப்பா. பேரிங்னா திருப்பத்துல சத்தம் மாறும். இது மாறலை. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா அடங்குது. டிஃபரென்ஷியல்தான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கணவர்.

ஷெட்டில் ஆயிலை இறக்கினார்கள். இரும்புத் தூள் மினுமினுத்தது.

"சார் சொன்னதுதான்! உள்ள கியர் பல்லெல்லாம் தேஞ்சுபோச்சு. முழுசா மாத்தணும். என்னா காது சார் உங்களுக்கு!"

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. "அப்போ நான் பேசினதெல்லாம்...?"

"கேட்டுச்சு."

"உங்கக்காவைப் பத்தி...?"

"அதுவும்."

"சே! ரெண்டு வருஷமா ஒட்டுக் கேட்டிருக்கீங்க!"

அதோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை ஜன்னலில் புதுக் கொக்கி இருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். சாயங்காலம் வேறு டிஃபரென்ஷியல் மாட்டிய வண்டியை எடுக்கப் போனபோதும் உம்மென்றுதான் இருந்தாள்.

திரும்பும் வழியில் வண்டி சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த அமைதியில்தான் அவளுக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. ஒழுகுது என்று முணுமுணுத்த குழாய், மறுநாளே சரியானது. மாசக்கணக்கில் தங்கியிருந்த நாத்தனார், ஒருநாள் திடீரென்று ஊருக்குக் கிளம்பினாள். "நீ மறுபடி வேலைக்குப் போயேன்" என்று அவராகவே சொன்னார். எல்லாம் தன் அதிர்ஷ்டம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

"வேற என்ன வேணும், சொல்லு" என்றார் கணவர்.

"ஒண்ணும் வேண்..." பாதியில் நிறுத்தினாள்.

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி, வாயாலேயே 'ஊ...' என்று ஊளையிட ஆரம்பித்தார்.