சாவியோவின் குரல்

வருகைப் பதிவுக்கென்று முதலில் விரலைக் கேட்டார்கள். அடுத்து முகத்தைக் கேட்டார்கள். அதற்கடுத்து அவரவர் செல்போனிலேயே ஒரு ஆப்பை ஏற்றி, யார் எங்கே நிற்கிறான், எத்தனை தரம் கக்கூஸ் போகிறான் என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் சாவியோவை முகமூடி கூடக் கொடுக்காமல் ரசாயனத் தொட்டிக்குள் இறக்கிக் கொன்றார்கள்.

கம்பெனி வாசலில் அசோகன் பேசும் இந்த வரிசை லுப்னாவுக்கு மனப்பாடம். திருவொற்றியூரில் அவளுடைய செல்போன் ரிப்பேர் கடைக்கு எதிரேதான் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம். அதன் தலைவர் அசோகன்.

அந்த அசோகன் இன்று கடைக்குள் வந்து சொன்னதை அவளால் நம்ப முடியவில்லை.

"சாவியோ போன்ல கீறத மொத்தமா அழிச்சிடும்மா."

"அவன் தொட்டில எறங்கறப்ப எடுத்த வீடியோ?"

"அது வக்கீல் கைக்குப் போயாச்சு. மீதிய தொடச்சிடு."

"இன்னாண்ணே பேசறீங்க? அவன் பொண்டாட்டி மகிமாகிட்ட கீறது பட்டன் போன். புருசன் குரலு இதுல மட்டும்தான் கீது. அதை எடுத்துக் குடுன்னு அழுதுட்டுப் போயிருக்கு."

"குரலை வெச்சுகினு இன்னா பண்ணப் போவுது? மாதா கோயில்ல புனிதருங்க எலும்பைக் கண்ணாடிப் பொட்டில வெச்சுக் கும்புடறாங்களே, அந்த மாதிரி கும்புடணுமா?"

"கும்புட்டா இன்னா? உங்களுக்குச் சாமி இல்ல. அதுக்குக் கீது."

"சாமியும் கம்பெனியும் ஒண்ணுதாம்மா. ரெண்டும் மேல குந்திகினு ராவும் பகலும் நம்ம கணக்க எழுதிகினே கீது."

"எங்கள்ல கூட ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு, அதான் வானவருங்க, குந்தி எழுதறாங்கன்னுதான் சொல்வாங்க. ஆனா எழுதினத வெச்சு ஊரைக் கூட்டி மானத்த வாங்கறதில்லண்ணே. அடியானோட குறைய ஆண்டவன் மூடியும் வெப்பான். உங்க கம்பெனி அப்படி மூடி வெக்குமா?"

அசோகன் எழுந்தார்.

"அழிக்கலன்னா எங்க ஆளு ஒருத்தன் இந்தக் கடைப் படி ஏறமாட்டான். சொல்லிட்டேன்."

போய்விட்டார்.

சாவு நடந்த பதிவை அழிப்பதும் கொலைதான் என்று மைக்கில் முழங்கிய மனுஷன்! ஒரு விதவையிடம் மிஞ்சியிருக்கும் குரலை அழி என்கிறார், கடையையும் மிரட்டுகிறார். அப்படியானால் அவருடைய வண்டவாளம் ஏதோ இந்தப் போனில் இருக்கிறது.

வாடிக்கையாளர் பேச்சை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்டாள். 'மேனேஜர் சார்' என்ற பெயரின் கீழே வரிசையாகக் குரல் பதிவுகள்.

"சார், நாளைக்குக் காலைல கேட்டை மறிக்கப் போறாங்க. அசோகன் மணலி ரோடு வழியாத்தான் வருவாரு. தனியாத்தான் வருவாரு."

சாவியோவின் குரல்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் காலையில்தான் மணலி ரோட்டில் யாரோ வழிமறித்து அடித்து, அசோகனின் இடது கை மடக்க முடியாமல் போனது.

அடுத்த பதிவைக் கேட்டாள். அதற்கடுத்ததையும் கேட்டாள். எல்லாம் இதே கதை.

இன்று சாவியோ இறந்த முப்பதாம் நாள். சாயங்காலம் கம்பெனி வாசலில், வேலையில் செத்தவர்களின் பெயர்களை அசோகன் வாசிப்பார். இது மட்டும் அவர் காதில் விழுந்தால் சாவியோ பெயர் அதில் இருக்குமா? மகிமா காதில் விழுந்தால்?

கடை திறந்த நாளிலிருந்து அடுத்தவர் போனில் ஒரு எழுத்தைக்கூட அவள் அழித்ததில்லை. மேனேஜருக்குப் போனதை மட்டும் அழித்தாள். ஒன்று விடாமல் அழித்தாள்.

மகிமா வந்து போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அதில் சாவியோ பேசினான்.

"டேய் தம்பி, உங்க அண்ணி நெத்திலிக் கொழம்பு வெச்சிருக்கா. நீ வர்றியா, இல்ல உன் பங்கையும் நானே துன்னுடவா?"

மகிமா சத்தமில்லாமல் அழுதாள். அழுதுகொண்டே மறுபடி போடச் சொன்னாள்.

சாயங்காலம் கம்பெனி வாசலில் நல்ல கூட்டம். ஓரமாக நின்ற லுப்னாவிடம் அசோகன் வந்தார்.

"அழிச்சியா?"

"இல்லண்ணே. கடைய மூடினாலும் சரின்னு குரலை மகிமாகிட்ட குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா? மேனேஜர்கிட்ட பேசினதக் கூடவா?"

"உங்களுக்கு... தெரியுமாண்ணே?"

"மூணு வருசமா தெரியும். அத அந்தப் பொண்ணு கேட்டா, அவனை இன்னொரு தரம் பொதைக்கணும்மா."

"அத மட்டும் குடுக்கலண்ணே. அத நான் அழிச்சுட்டேன்."

அசோகன் போய் மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் மகிமா, பின்னால் இருநூறு தொழிலாளிகள், கேட்டுக்கு அந்தப் பக்கம் மேனேஜர்.

"இங்க நிக்கிற எல்லாரும் சாட்சி," என்று தொடங்கினார். மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்:

"எங்கள் சங்கத்தின் தோழர், சாவியோ!"