ஐம்பதைத் தாண்டாதவர்கள்

"வயசு நாப்பத்தாறு மேடம்" என்றார் காசிமாயன், ஜெனி கேட்பதற்கு முன்பே.

ஜெனி ரெக்கார்டரை அவர் பக்கம் சற்று நகர்த்தி வைத்தாள். காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனவர்கள் எல்லோருமே நாற்பத்துச் சொச்சம்தான். ஒருவர்கூட ஐம்பதைத் தொடவில்லை.

அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே ஐம்பதைத் தாண்டிய தொழிலாளர்களைப் பற்றியது. தானாக ஓடும் மெஷின்கள் வந்தபிறகு அவர்களுடைய கைத்திறன் என்ன ஆகிறது, புதிதாக எதைக் கற்கிறார்கள், முடியாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை தருகிறவர்கள் இந்த வருஷத்துக்குள் பேட்டிகளை முடிக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் ஏறி இறங்கிய மில்களில் உள்ளே விட்டது திருப்பரங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் இந்த நூல் மில் ஒன்றுதான்.

அதற்கும் ஒரு நிபந்தனை. பேட்டி நடக்கும்போது மில்லின் ஆள் ஒருவர் கூடவே இருப்பார்.

அந்த ஆள் விக்ரம். வேலைக்கு ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவன் பொறுப்பு. கதவோரம் நாற்காலி போட்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வந்ததும் அவளுக்கு டீயும் வடையும் வரவழைத்துக் கொடுத்தவன்தான்.

அப்போதே சொல்லியிருந்தான். "அம்பது தாண்டுன ஆளுக எங்ககிட்ட இல்லவே இல்ல மேடம். புது மெஷின் ஓடுற ஓட்டத்துக்கு அவங்களுக்குத் தாங்காது. வயசக் கொறச்சுச் சொல்லி எவனாச்சும் உள்ள வந்திருந்தா, தெரிஞ்ச அன்னைக்கே அனுப்பிருவோம்."

எல்லோரும் காண்ட்ராக்டர் வேனில் கொண்டுவந்து இறக்கும் ஆட்கள். வயது என்பது அவர்கள் வாயால் சொன்னதுதான்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் இரைந்துகொண்டே இருந்தன.

காசிமாயன் அவனியாபுரத்துக்காரர். சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தார். தலை கன்னங்கரேல் என்றிருந்தது. காது மடலிலும் கொஞ்சம் சாயம் ஒட்டியிருந்தது. இந்தக் காலத்தில் சாயம் அடிக்காதவர் யார் என்று ஜெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது மெஷின் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். திரையில் வரும் எழுத்துகள் தெரிகிறதா என்றாள். பளிச்சென்று தெரிகிறது என்றார். நின்றுகொண்டே வேலை பார்ப்பதில் கால் வலி உண்டா என்றதற்கும் இல்லை. ஒவ்வொரு பதிலும் கேள்வி முடிவதற்குள் வந்து விழுந்தது. ஜெனிக்கு அலுப்பாக இருந்தது. இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது.

"இந்தத் தொழில்ல எத்தன வருஷமா இருக்கீங்கண்ணே?"

அதுவரை மேசையைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முகமே மாறிவிட்டது.

"முப்பத்தெட்டு வருசம் மேடம். மூணு மில்லு மூடுனதக் கண்ணால பாத்துட்டேன். நான் இன்னும் நிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

ஜெனிக்கும் உறைத்தது. எட்டு வயதில் யாரும் மில்லுக்குள் வந்திருக்க முடியாது.

காலையிலிருந்து வந்துபோன முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அவள் கண்முன் வந்தன. நாற்பத்தைந்து என்று சொன்ன அம்மாவின் கை நடுக்கம். நாற்பத்தெட்டு என்றவர் கேள்வியை இரண்டு தடவை கேட்டுக் கேட்டுப் பதில் சொன்னது. அவள் தேடி வந்தவர்கள் வராமல் இல்லை. எல்லோரும் வந்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

விக்ரமின் கட்டைவிரல் திரையில் அசையாமல் நின்றது. தலையைத் தூக்கினான்.

"எத்தன வருஷம்னு சொன்னாரு மேடம்?"

ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாக அவள் காத்திருந்த பதில் அதற்குள் இருந்தது. ஆய்வேட்டின் முதல் வரியாகவே வைக்கலாம். பேட்டி கொடுப்பவர் வாயில் வார்த்தையைத் திணிக்கக்கூடாது என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பேட்டி கொடுத்ததால் அவருக்கு ஒரு கெடுதலும் வராது என்று சற்று முன்புதான் காசிமாயனிடம் சொல்லியிருந்தாள்.

காசிமாயன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டுதானண்ணே சொன்னீங்க?" என்றாள் ஜெனி. "மெஷின் சத்தத்துல சரியாக் கேக்கல."

அவர் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லையோ என்று அவள் பயந்தாள். புரிந்துதான் இருந்தது. அந்த இருபது வருஷத்தையும் விட்டுக்கொடுக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது.

"ஆமா மேடம். பதினெட்டு."

விக்ரம் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கு முன்னால?" என்றான்.

காசிமாயன் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அதுக்கு முன்னால ஒரு வேலயும் பாக்கல சார். ஊருக்குள்ள சும்மா திரிஞ்சேன்."

விக்ரமும் சிரித்துவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

ஜெனி ரெக்கார்டரை அணைத்தாள். "அவ்வளவுதாண்ணே, போய்ட்டு வாங்க" என்றாள்.

எழுந்திருக்கும்போது அவருடைய கை முழங்காலைத் தேடிப் போனது. கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார். பிறகு நாற்பத்தாறு வயதுக்காரர் மாதிரி விருட்டென்று எழுந்து வெளியே நடந்தார்.