மர்மோட்டுக்கு எந்தக் குண்டு?

"மர்மோட்டுக்கு 223 கலிபர் காணும் அண்ணை. முந்நூறு மீட்டரிலையும் குறி பிழைக்காது," என்று சின்னக் குண்டொன்றை மேசையில் வைத்தான் கடைக்காரன் பென்ஜமின். ஜேர்மனியின் கொலோன் நகரத் துப்பாக்கிக் கடையில் தமிழ் கேட்டதும் பிருந்தனுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

பிருந்தனின் அக்கா புருசன் சோதிலிங்கம் அந்தக் குண்டைத் தொடவேயில்லை. "300 மாக்னம் துவக்கைத் தாரும்."

பென்ஜமின் சிரித்தான். "அது மானுக்கும் பண்டிக்கும் அடிக்கிறது. மர்மோட் வளைக்குள்ளை கிடக்கிற பூனையளவுப் பிராணி. பட்டால் ஒண்டும் மிஞ்சாது."

"மலைக்காத்து சின்னக் குண்டைத் தள்ளிப்போடும். எனக்கு ஒரு வெடியிலை முடியோணும்."

அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பிருந்தன் தலையாட்டினான். அவனுக்குத் துப்பாக்கியும் தெரியாது, மர்மோட்டும் தெரியாது. இறைச்சி என்றால் கடையில் பொதி கட்டி வருவதுதான். அத்தான் மறுபடி வாய் திறந்து பேசுவதே அவனுக்குப் பெரிய காரியம்.

அக்கா சுலோஜனா விபத்தில் செத்த அன்று காரை ஓட்டியவன் பிருந்தன். அதன்பின் அத்தான் அவன் முகத்தில் முழிக்கவேயில்லை. போன கிழமை அவராகவே போன் எடுத்து, "ஒஸ்திரியாவுக்கு மர்மோட் வேட்டைக்குப் போறன், நீயும் வா" என்றபோது பிருந்தன் குசினியில் நின்று குலுங்கி அழுதான். இந்த உறவு இன்னொரு தரம் அறுந்தால் அவன் தாங்கமாட்டான்.

"அங்கை நான் என்ன செய்யோணும் அத்தான்?"

"எதிர்ச் சரிவிலை போய் நில். அசையாமல் நிண்டால் காணும்."

"துவக்குக் காசை நான் குடுக்கிறன். என்ரை பரிசு."

"சரி, குடு," என்றுவிட்டுச் சோதிலிங்கம் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த தை மாதப் பனியைச் சுரண்ட வெளியே போனார்.

பென்ஜமின் ரசீதை எழுதினான். "நல்ல அத்தான் உங்களுக்கு. ஆவணியிலை போறியளோ?"

"இல்லை, இப்பவே வெளிக்கிடுறம். விடிய மலையிலை நிப்பம்," என்றான் பிருந்தன். சந்தோசத்தோடு காசை எண்ணி வைத்தான்.

ரசீதை நீட்டிய பென்ஜமினின் கை பாதியில் நின்றது. வெளியே காரின் ஹோர்ன் அடித்தது.

பென்ஜமின் குரலைத் தாழ்த்தினான்.

"மர்மோட் எல்லாம் சித்திரை வரைக்கும் வளைக்குள்ளை நித்திரையெல்லோ அண்ணை."