பாக்கெட் எந்தப் பக்கம்?

"லென்ஸ் அக்கா, குடையம்மா மறுபடியும் வந்திருக்காங்க" என்றார் காவலாளி.

லென்ஸ் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படக்கூடத்தில் பழைய படங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. எந்நேரமும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பதால் வந்த பட்டப்பெயர் அது.

நாளை மறுநாள் 'முதல் பெண்கள்' கண்காட்சித் திறப்பு. ஒரு வருஷமாக நெகட்டிவ்களைத் துடைத்து, ஸ்கேன் செய்து, யார் எவர் என்று விசாரித்து அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பேப்பரில் செய்தி வந்ததும், எங்க அத்தை படம் எங்கே, சித்தி பேர் எங்கே என்று தினமும் நாலு பேர். அவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். குடையும் கையுமாக மூன்று நாளில் மூன்றாவது தடவை வந்திருக்கும் இந்த அம்மா கண் வைத்திருந்ததோ வாசல் படத்தின் மேலேயே.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல படம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் டிப்போவில் எடுத்தது. ஆறு பெண்கள், ஒரே மாதிரி புதுச் சட்டை. இடமிருந்து இரண்டாவது முகத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, 'நம் ஊரின் முதல் பெண் பஸ் டிரைவர்' என்று ஃப்ளெக்ஸில் போட்டிருந்தார்கள். அந்த டிரைவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"அது டிரைவர் இல்லம்மா" என்றார் குடையம்மா, உட்காராமலேயே. "டிரைவர் அந்தக் கடைசியில இருந்து ரெண்டாவது. இதை எடுத்துட்டு அவளைப் போடுங்க."

"நெகட்டிவ் உறையிலயே எழுதியிருக்கு, இடமிருந்து ரெண்டாவதுன்னு."

"எழுதினது சரிதான். நாங்க நின்ன வரிசைதான் மாறிக் கிடக்கு."

'நாங்க'ளாமே. ஆக, இந்த அம்மாவும் அந்த ஆறு பேரில் ஒருத்தர். அந்தக் கடைசியிலிருந்து இரண்டாவது யார் என்று தனியாகக் கேட்கவும் வேண்டுமா?

"வரிசை எப்படிம்மா தானா மாறும்? தன் படம் பெருசா வரணும்னு எல்லாருக்கும்தான் ஆசை. அதுக்காக இப்படியா?"

குடையம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "சட்டையைப் பாருங்க. வேற ஒண்ணும் கேட்கல" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

லென்ஸ் அக்கா பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று வீம்பாகத்தான் இருந்தாள். சாயங்காலம் ஒரு கையெழுத்துக்காக மேனேஜர் முன்னால் நின்றபோது, அவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். இடது பக்கப் பாக்கெட்.

லென்ஸ் அக்கா ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தாள். ஆறு சட்டை, ஆறு பாக்கெட். ஆறும் வலது பக்கம்.

நெகட்டிவைப் புறம் மாற்றி ஸ்கேனரில் வைத்தது வேறு யாருமில்லை, அவளேதான். இடம் வலமாகி, வலம் இடமாகி, டிரைவர் எங்கோ ஓரத்துக்குப் போயிருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். யார் வந்து பாக்கெட்டைப் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் மனசு கேட்கவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள்.

"கையில லென்ஸை வச்சுக்கிட்டு இதைப் பார்க்கலியா நீங்க?" என்று அவர் குதி குதியென்று குதித்தார். குதித்து முடித்ததும் தன் பாக்கெட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, "புது ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

திறப்பு நாளன்று குடையம்மா வந்தார். சக்கர நாற்காலியில் இன்னொரு அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்தும் லென்ஸ் அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க படம் வாசலுக்கு வந்தாச்சும்மா. இப்போ திருப்திதானே?"

"என் படமா? இவ படம்மா. இவதான் டிரைவர்." குடையம்மா நாற்காலியை ஃப்ளெக்ஸுக்கு நேரே திருப்பி நிறுத்தினார். "போன வருஷம் வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. அவளால வந்து கேட்க முடியாதே. அதான் நான் வந்தேன்."

நாற்காலியில் இருந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அசைகிற ஒரு கை மட்டும் மெல்ல எழுந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, ஒரு வளைவு திருப்பியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

லென்ஸ் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா. உங்களைப் போய்த் தப்பா நினைச்சிட்டேன்."

"அட, விடு. அந்தப் பழைய ஃப்ளெக்ஸைத் தூக்கிப் போட்டாச்சா?"

"இல்லம்மா, பின்னால சுருட்டி வச்சிருக்கு. வீடு எதுவும் ஒழுகுதா, மேல போடறதுக்கா?"

"அதை இப்படிக் கொண்டா" என்றார் குடையம்மா. கொண்டுவந்து கொடுத்ததும் தரையில் விரித்து, அந்த முகத்தில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"நான் டிப்போவுல பஸ் கழுவினவ. அன்னிக்குப் படத்துக்காக எனக்கும் ஒரு புதுச் சட்டை கொடுத்தாங்க."

லென்ஸ் அக்கா தரையைப் பார்த்தாள். குடையம்மாவைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே நெற்றி.

"அம்மா, வாசல்ல இருந்து எடுக்கச் சொன்னது உங்க படத்தையேவா? முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, 'இருந்துட்டுப் போகட்டும் விடுங்க'ன்னு நீ சொல்லியிருப்ப. எனக்கும் ஆசை வந்திருக்கும்" என்றார் குடையம்மா, தன் முகம் கசங்காமல் சுருட்டிக்கொண்டே.